பரஸ்தானம் வைத்த பெட்டி

செப்டம்பர் 14, ஞாயிறு

சரத் சரி என்றுவிட்டான். சாப்பிடும்போது கேட்டேன், அக்டோபரில் ஐந்து நாள் ஜெனோவா போகலாமா என்று. தட்டைப் பார்த்தபடியே "ஹவ், புக் பண்ணு" என்றான். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன், அந்தப் பக்கத்து உருதுவில் 'ஆமாம்' அதுதான். என்னைப் பெண் பார்த்தபோதும் "ஹவ்" என்றுதான் சொன்னான். ஒரு வருஷமாக ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறை. சண்டைகூட இல்லை. இந்த ஐந்து நாளில் என் புருஷனைத் திரும்பப் பிடித்துவிட மாட்டேனா?

செப்டம்பர் 21, ஞாயிறு

நாங்கள் குடியிருக்கும் கொண்டாப்பூரைவிட ஜெனோவா எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். பழைய துறைமுகத்துக்கு மேலே, கை நீட்டினால் எதிர்வீட்டைத் தொடக்கூடிய சந்தில் ஒரு வீடு. சமையலறை உண்டு. ஜன்னலில் கலங்கரை விளக்கம் தெரியுமாம். கட்டில் ஒன்றுதான். வேண்டுமென்றேதான் அதை எடுத்தேன், போதுமா.

அக்டோபர் 5, ஞாயிறு

கும்பகோணத்திலிருந்து அம்மா. "வெள்ளிக்கிழமையா கெளம்பறேள்? மேற்கே சூலம்டி. புதன்கிழமையே பெட்டியை வேற யாராத்துலயாவது வெச்சுடு. பரஸ்தானம். அன்னிக்கே கெளம்பினதா ஆயிடும். ஆனா வெச்ச பெட்டியைத் திரும்ப ஆத்துக்குள்ள கொண்டு வரப்படாது, கேட்டியா?"

ஐ.டி.யில் வேலை பார்க்கிறவள் இதையெல்லாம் செய்வாளா? செய்வேன். இந்தப் பயணத்துக்காக எது சொன்னாலும் செய்வேன்.

அக்டோபர் 8, புதன்

ஒரே பெட்டி. இடப்பக்கம் அவன், வலப்பக்கம் நான். நடுவில் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல். நல்ல நேரம் பார்த்துக் கீழ்வீட்டு ஸ்டெல்லாவிடம் கொடுத்தோம். சரத்தான் தூக்கி வந்தான். ஸ்டெல்லா தூத்துக்குடிக்காரி, விடுவாளா? "ஏட்டி, பெட்டிய மட்டும் மொதல்ல ஹனிமூனுக்கு அனுப்புதியா?" என்றாள். சரத் சிரித்தான். அவன் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

அக்டோபர் 9, வியாழன்

வரமாட்டானாம்.

இதே ஊரில், தார்நாகாவில் தனியாக வீடு பார்த்துவிட்டானாம், போன மாசமே. "அங்க போனாலும் நாம இப்படித்தான் இருப்போம் சுபா. என்னால முடியல." அப்ப ஏண்டா சரின்னு சொன்ன? என்கூட உக்காந்து எதுக்குச் சட்டை மடிச்சு வெச்ச? "நீ அவ்ளோ ஆசையா பாத்துட்டிருந்த. நக்கோ, வேணாம்னு சொல்ல வாய் வரல."

பாவம் பாத்திருக்கான். என்மேல. நான் அதைப் போய்ப் பிரியம்னு நெனச்சு — சீ.

அக்டோபர் 10, வெள்ளி

அவனுடைய நல்ல சட்டைகள், ஷூ எல்லாம் அந்தப் பெட்டிக்குள். "மேல கொண்டு வந்து பிரிச்சுக்கலாமா?" என்று கேட்டான். கூடாது என்றேன். பெட்டி உள்ளே வராத வரைக்கும் பயணம் முறியவில்லை என்று எனக்குள் ஒரு பைத்தியக்காரத்தனம். என் துணிகளை ஸ்டெல்லாவிடம் எடுத்துக் கொடுத்துவிட்டு, அங்கிருந்தே பெட்டியோடு போய்விட்டான். பால்கனியில் நின்று பார்த்தேன்.

தார்நாகா கிழக்கே. வெள்ளிக்கிழமை கிழக்கே சூலம் இல்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. நாங்கள் ஜெனோவாவில் இருப்பதாக நினைத்துக் கூப்பிட்டாள். வீடியோ வேண்டாம், சிக்னல் சரியில்லை என்றேன். கடல் தெரியறதா என்றாள். ஜன்னலிலேயே தெரியறது, கலங்கரை விளக்கம்கூட. சந்து எவ்வளவு குறுகல், எதிர்வீடு எவ்வளவு கிட்டே, எல்லாம் சொன்னேன். ஒன்றையும் தப்பாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

"மாப்பிள்ளைக்குப் பொடி சாதம் பிடிக்கறதா?"

பொடியும் அவனோடுதான் போயிற்று. பிடிக்கறது என்றேன்.

"பாத்தியா, பரஸ்தானம் வெச்சது வீண்போகலை. எப்போ திரும்பி வரேள்?"

"புதன்கிழமைம்மா."

சாயங்காலம் ஸ்டெல்லா வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது, "உன் துணியெல்லாம் ஒரு பையில போட்டு வச்சிருக்கேன். கொண்டு வரட்டா?" என்றாள்.

அங்கேயே இருக்கட்டும் என்றேன். புதன்கிழமைதானே திரும்புகிறேன்.