மழைக்குப் பின் ஆழமான பள்ளம்

பிப்ரவரி 3

உறுதியானது இவ்வளவுதான்: அக்காவின் ஆன்டெனா வானொலி அலைகளைப் பதிந்து வரைந்த கோட்டில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. சொன்னவள் அக்காவே, தொலைபேசியில். முதல் விண்மீன்கள் எரியத் தொடங்கியபோது, அப்போதிருந்த ஹைட்ரஜன் கொஞ்சம் வானொலி அலையை விழுங்கியிருந்தால் இப்படித்தான் தெரியுமாம். அந்த அலை இங்கே வந்து சேர்வதற்குள் நீண்டு நீண்டு, இன்று எஃப்.எம். பாட்டு ஒலிக்கும் அலைவரிசைக்கு வந்துவிட்டது. அதனால்தான் ஆறு வருஷமாக, அந்தப் பாட்டு எட்டாத, ஆள் அண்டாத பொட்டலில் கிடக்கிறாள். ஜூன் 30 அவளுக்குப் பணி ஓய்வு. அதற்குள் நிரூபிக்க வேண்டும்.

பிப்ரவரி 9

எங்கள் நாளிதழ் ஆசிரியர் காதுக்கு எப்படியோ எட்டிவிட்டது. "உங்க அக்காதானே? முதல் பக்கம்யா." அக்கா என்பதால்தான் நான் எழுதக் கூடாது என்றேன். ஆய்விதழில் வரட்டும், வேறு நிருபர் எழுதட்டும். முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

மார்ச் 2

ஆய்விதழ் அக்காவின் கட்டுரையை ஏற்றுக்கொண்டது.

மார்ச் 14

அக்கா வீட்டுக்காரர் மாமாவுடன் பொட்டலுக்குப் போனேன். ஆன்டெனாவைக் குழப்பிவிடும் என்று வாசலிலேயே கைபேசிகளை அணைத்து இரும்புப் பெட்டிக்குள் போட்டார்கள். பருவம் தப்பிய மழை. ஆன்டெனாவுக்கு அடியில் விரித்த கம்பிவலை முழுக்கச் சேறு.

அக்கா இரண்டு தாள்களை மேசையில் வைத்தாள். ஒன்று காய்ந்த வாரத்தின் கோடு, மற்றது மழைக்குப் பிந்தையது. இரண்டாவதில் பள்ளம் ஆழமாகி, இடமும் நகர்ந்திருந்தது.

"மழை பெஞ்சா மேல இருக்கற ஹைட்ரஜன் நனையுமாடா?"

வலையைத் தாண்டி மண்ணுக்குள் இறங்கிய அலை, அடியிலிருக்கும் பாறையில் பட்டுத் திரும்பி வந்து கோட்டை வளைத்திருக்கிறது. வானத்தைக் கேட்கப் போனவள் பூமியைக் கேட்டிருக்கிறாள்.

மண் காய்ந்ததும் இன்னொரு தடவை பார்க்கலாமே, அவசரப்படாதே என்றார் மாமா.

"காஞ்சாலும் அது மண்ணுதாங்க" என்றாள்.

மார்ச் 15

அச்சேறுமுன் அக்கா கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். ஆசிரியர் கேட்டார்: "அப்ப செய்தி ஒண்ணும் இல்லையா?"

செய்தி இல்லையாம் — கைக்கு வந்ததைத் தானே கீழ வெச்சிருக்கா, இத விட என்ன வேணும் இவருக்கு?

ஏப்ரல் 6

மூன்று வாரம் கழித்து, காலையில் அக்கா அழைத்தாள். ஆன்டெனாவை ஏரியில் மிதக்கவிடப் போகிறாளாம். "தண்ணிக்கு அடியில தண்ணிதான்டா. எந்தப் பக்கமும் ஒரே மாதிரி. மழை பெஞ்சா பெய்யட்டும்."

ஜூன் 11

உறுதியானது: ஆன்டெனா ஏரி நடுவில் மிதக்கிறது. சொன்னவர் மாமா, படகில் கூடப் போனவர். "எனக்கு நீச்சல் தெரியாது மாப்ள. ஆன்டெனா மிதந்தா போதும்னுட்டா உங்க அக்கா."

பள்ளம் உண்டா இல்லையா என்பது செப்டம்பரில் தெரியும். அதற்குள் ஓய்வு வந்து அவளுடைய நுழைவு அட்டை செல்லாமல் போய்விடும். பார்வையாளராக வருவேன், கைபேசியை நானே பெட்டியில் போட்டுவிடுகிறேன் என்று ஏரிக்கரை ஆய்வு முகாமின் காவலரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறாளாம்.