உபவாச அறிக்கையில் ஒரு வரி

ஆஷ்பரி,
1787, மே 9

அன்புள்ள தம்பி ஈனோக்குக்கு,

உன் அண்ணி மெஹிட்டபெல் எழுதுவது. நீயும் சாராவும் ஷெல்பர்னில் சுகமாக இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். ஒன்பது வருஷமாக ஒரு வரி எழுதாதவளுக்கு இன்று என்ன வந்தது என்று கேட்பாய். கேட்க வேண்டியதுதான்.

முதலில் நல்ல சேதி. நாடு கடத்தப்பட்டவர்கள் திரும்பக் கூடாது என்ற சட்டத்தைச் சட்டசபை போன வாரம் நீக்கிவிட்டது. இனி நீ தைரியமாகக் கப்பலேறலாம், யாரும் பிடித்து அடைக்க மாட்டார்கள்.

உன் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை. மார்ச் மாதம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே சாய்ந்தார். வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. சோளக்கஞ்சியை நான்தான் ஊட்டுகிறேன். வாய் மட்டும் பழைய வாய். "ஒம்பது தடவ கவர்னரா இருந்தவனுக்கு ஒரு சிட்டிக உப்புக்கு வக்கில்லியா?" என்று நேற்றுகூட ஏசினார். இந்தக் கோடையைத் தாண்ட மாட்டார் என்று வைத்தியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

சண்டையில் இங்கிலாந்து ராஜா பக்கம் நின்றவர்களை நாடு கடத்தும் பட்டியல் அவர் மேசைக்கு வந்தபோது அதில் நாற்பத்தொரு பெயர். ஒன்று உன்னுடையது. "ஐயா, இந்தப் பேர எழுத மறந்துட்டேன்னு வச்சுக்குங்களேன்" என்று எழுத்தர் கெஞ்சினாராம். "மத்த நாப்பது பேரோட அண்ணன்மாருக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்று வீட்டுக்கு வந்தவர், குதிரையின் சேணத்தைக்கூடக் கழற்றாமல் லாயத்திலேயே உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டதற்கு வரவில்லை. உனக்கு இது தெரியாது.

போன வருஷம் வசந்தத்தில், ஜனங்கள் எல்லாரும் ஒரு நாள் பட்டினி இருந்து ஜெபிக்க வேண்டும் என்று கவர்னராக அவர் எழுதிய உபவாச அறிக்கையை எல்லா ஆலயங்களிலும் வாசித்தார்கள். விதைப்புக்காக, மழைக்காக, சட்டசபைக்காக ஜெபிக்கச் சொன்னவர், "கடலுக்கு அப்பால் இருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்காகவும்" என்று ஒரு வரி சேர்த்திருந்தார். அது உனக்காக எழுதியது. நேராக உனக்கு எழுத அவருக்கு முகமில்லை. அச்சடித்த தாளை உன் பக்கம், ஹாலிஃபாக்ஸ் போகிற கப்பல்காரரிடம் கொடுத்து, உன்னிடம் சேர்க்கச் சொன்னார்.

அப்போது தேர்தலுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. "நம்மளப் பட்டினி போட்டுட்டு எதிரிக்குப் பந்தி வைக்கிறாரு கவர்னரு" என்று கொல்லர் ஒபதாயா சத்திரத்தில் சொல்ல, அதுவே ஊர்ப்பேச்சாயிற்று. உன் அண்ணன் தோற்றார். அவரைப் பார்க்க வருகிறவர்களின் குதிரைகள் வீட்டு வாசலில் நிற்பது நின்றுபோயிற்று.

அவருக்கு அது பெரிதாகப் படவில்லை. கப்பல் வரும் நாளெல்லாம், "ஈனோக் ஏதாச்சும் எழுதியிருக்கானா?" என்றுதான் கேட்பார். இல்லை என்பேன். "அவன் கோவம் நியாயந்தான்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்.

தம்பி, நீ எழுதினாய். சண்டை ஓய்ந்தபின் இரண்டு கடிதம், போன ஆகஸ்டில் ஒன்று. மூன்றையும் வாங்கியது நான். மூன்றையும் பிரிக்காமலே அடுப்பில் போட்டேன். முதல் இரண்டும் பயத்தில் செய்தது. நாடு கடத்தப்பட்டவனின் கடிதம் கவர்னர் வீட்டுக்கு வந்தது வெளியே தெரிந்தால் பதவி போய்விடுமே என்று. மூன்றாவது ஆத்திரத்தில், உன்னால் பதவி போய்விட்டதே என்று. அந்த மூன்றாவதுதான் அவருடைய வரிக்கு நீ எழுதிய பதில் என்று இப்போது தோன்றுகிறது. மன்னித்தாயோ சபித்தாயோ, நான் அறியேன். எதுவானாலும் அது அவர் பேருக்கு வந்தது. கவர்னர் மனைவி என்று ஆலயத்தில் முன்வரிசையில் உட்கார எனக்கு அத்தனை ஆசை இருந்தது. வெட்கமாக இருக்கிறது.

அவரிடம் சொல்லிவிடலாம் என்று தினமும் கட்டிலருகே போகிறேன். கஞ்சியை ஊட்டிவிட்டு வந்துவிடுகிறேன்.

முடிந்தால் உடனே வா. வர நாளாகும் என்றால், அடுத்த கப்பலிலேயே கடிதம் போடு. அன்று என்ன எழுதினாயோ அதையே எழுது. நான் செய்ததையும் அதிலேயே எழுதிவிடு. என் சொல்லாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் கடிதம் என்றால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் வாசித்துவிடுவேன்.

கர்த்தர் உன் வீட்டைக் காப்பாராக.

உன் அண்ணி,
மெஹிட்டபெல் ஹாஸ்கெல்