மூடாத இமைகள்

அண்ணா,

நேற்று எதிர்வீட்டுச் சேச்சியின் கணவரைப் பார்க்க எறணாகுளத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் மயக்க மருந்து கொடுத்துக் கிடத்தியிருந்தார்கள். வாயில் வென்டிலேட்டர் குழாய். இரண்டு கண்களின் மேலும் மெல்லிய பாலிதீன் தாள் ஒட்டியிருந்தது.

"இது எதுக்கு சிஸ்டர்?"

"கண்ணு உணங்கி வறண்டு போகாம இருக்கறதுக்கு, சேச்சி. மயக்கத்தில இமை ஒழுங்கா அடையாது." பேசிக்கொண்டே அந்த நர்ஸ் தாளை விலக்கி, கண்ணில் களிம்பு இட்டு, மறுபடியும் ஒட்டினாள். அவ்வளவுதான் வேலை. நான் வந்த காரியத்தை மறந்து அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் 'அண்ணா' என்று கூப்பிட்டதை நீ ஒருநாளும் கேட்டதில்லை; என் உதட்டில் பார்த்திருக்கிறாய். பிறவியிலேயே காது கேளாத உனக்கு எல்லாமே கண்தான். மட்டாஞ்சேரித் தெருவின் அந்தப் பக்கம் யாராவது சண்டை போட்டால், உதடுகளைப் பார்த்தே எனக்குச் சைகையில் சொல்லுவாய். கெட்ட வார்த்தைகளை மட்டும் விட்டுவிடுவாய்.

அந்த வருஷப் பெருமழையில், நீ சுமை தூக்கிய கொச்சங்காடிக் கிடங்குக்குள் தண்ணீர் ஏறியது. காலில் புண்ணோடு அதில் நின்று இஞ்சி மூட்டைகளை மேலே ஏற்றினாய். எலிக்காய்ச்சல் வந்து நுரையீரலைப் பிடித்தது. வென்டிலேட்டரில் போட்டார்கள். உடம்பெல்லாம் நீர் கோத்து வீங்கியது. இமைகள் பாதிதான் மூடின. இடுக்கில் வெள்ளை தெரிந்தது.

"கண்ணு தொறந்தே கெடக்கே, அவனுக்கு வலிக்காதோ?" என்று அம்மா கேட்டாள்.

"கொழப்பமில்ல அம்மே, வலிக்காது, நல்ல உறக்கமாக்கும்" என்று சொல்லிவிட்டு அங்கிருந்த நர்ஸ் அடுத்த கட்டிலுக்கு ஓடினாள். உன் மூச்சையும் சிறுநீரகத்தையும் எல்லோரும் காவல் காத்தார்கள். கண்ணைக் காக்க யாருக்கும் தோன்றவில்லை.

குழாயை எடுத்ததும், பிழைத்துவிட்டாய் என்றார்கள். நான் உன் முன்னால் நின்று கையசைத்தேன். நீ என்னைத் தாண்டி எங்கோ பார்த்தாய். கருவிழிகள் இரண்டும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தன.

"இமை மூடாம கெடந்து கருவிழி வறண்டு புண்ணாயிடுச்சு. அதில கிருமியும் ஏறிடுச்சு" என்றார் கண் டாக்டர். கையுறையைக் கழற்றிக்கொண்டே, "தடுத்திருக்கலாம்" என்றார்.

உன் கைகள் காற்றில் பேசிக்கொண்டே இருந்தன. யார் பார்க்கிறார்கள் என்று உனக்குத் தெரியாது. நீ வெறிபிடித்துத் துள்ளுவதாக நினைத்து, மணிக்கட்டுகளைக் கட்டிலோடு கட்டிவிட்டார்கள்.

"கட்டாதீங்கோ! அவன் பேசறான்!" என்று அம்மா அலறினாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

கட்டை அவிழ்த்ததும் உன் உள்ளங்கையில், பள்ளிக்கூடத்தில் நீ படித்த மலையாள எழுத்துகளில், என் பெயரை விரலால் எழுதினேன். அடையாளம் தெரிந்து என் கையைப் பிடித்து இழுத்து நீ எழுதினாய்: "லைட் போடு." ஜன்னலில் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

கண்ணில் புண் என்று எழுதினேன். பிறகு, "பார்வை வருமா?" என்று எழுதினாய். உன் கையை எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினேன். உனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் என் கையில் எழுதிவிட்டு, என் கன்னத்தில் கை வைத்தே பதில் கேட்டாய். அம்மா சாப்பிட்டாளா, மழை நின்றதா, வீட்டுக்குப் போகலாமா.

புண் ஆறினால் வேறு கருவிழி வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். அதற்குள் நெஞ்சில் மறுபடியும் சளி கட்டியது. கடைசி நாளில் உனக்கு எழுதத் தெம்பில்லை. கையை மட்டும் நீட்டினாய். என்ன கேட்கிறாய் என்று தெரியாமலே அதைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு தலையாட்டினேன்.

யாரிடமாவது ஆமாம் என்று தலையசைத்தால் இன்றும், மூட்டை தூக்கிக் காய்த்துப்போன உன் கை என் கன்னத்தில் உரசுகிறது, அண்ணா.