அண்ணியின் பாஸ்வேர்டை மாற்றிய நாள்

காலையில் சண்டை போட்டாலும் சாயங்காலத்துக்குள் பேசிவிடுகிற என் அண்ணிக்கு,

நீங்கள் போய் ஆறு மாதம் ஆகப்போகிறது. எது எழுதினாலும் அழுகையில்தான் முடியும் என்று பயந்து இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். இன்றைக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. அதில் என்னுடைய தப்பு ஒன்றும் இருக்கிறது. கோபித்துக்கொள்ளாமல் முழுவதும் கேளுங்கள்.

நம் பீங்கான் பட்டறைக்காக நீங்கள் இன்டர்நெட்டில் ஒரு பக்கம் தொடங்கினீர்களே, சூளையிலிருந்து இறக்கிய பொம்மைகளை வெயிலில் நிறுத்திப் படம் பிடித்துப் போடுவீர்களே, அதை நாங்கள் மூடவில்லை. உங்கள் லேப்டாப்பில் அது திறந்தபடியே இருந்தது. யாழினி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் போடுவாள். எட்டாம் வகுப்புப் பிள்ளைதான், ஆனாலும் உங்களைப் போலவே, "கட்டாயம் உடையாமல் வந்து சேரும்" என்று எழுதுவாள்.

ஆடி பிறந்து சில நாளில், கொலு பொம்மைக்கு ஆர்டர் வருகிற சமயம் பார்த்து, அந்தப் பக்கம் திறக்கவில்லை. பாஸ்வேர்டு கேட்டது. அது யாருக்கும் தெரியாது. யாழினி அண்ணனின் போனை எடுத்துப் பார்த்தபோது, உங்கள் படத்தோடு, உங்கள் பெயரில், ஒரு புதுச் செய்தி வந்திருந்தது. உங்கள் பெயருக்குப் பக்கத்தில், நீங்கள் இப்போது அங்கே இருப்பதாகக் காட்டுகிற பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

"என் பொண்ணு ஓவியப் போட்டியில் இருக்கிறாள். இந்த லிங்கைத் தொட்டு ஓட்டுப் போடுங்கள். உங்கள் போனுக்கு வரும் நம்பரை எனக்கு அனுப்புங்கள்."

குழந்தை என்ன செய்தாள் தெரியுமா? "அம்மா?" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதி அனுப்பியிருக்கிறாள்.

பதில் உடனே வந்தது. "ஆமாம்மா. சீக்கிரம் நம்பரை அனுப்பு."

அவள் அனுப்பவில்லை. எனக்குத்தான் போன் செய்தாள். நல்லூரிலிருந்து பஸ் பிடித்து நான் வந்து சேர்ந்தபோது வாசலிலேயே நின்றிருந்தாள். அழவில்லை. முகம் மட்டும் சிவந்திருந்தது.

"அது எங்கம்மா இல்ல அத்த. எங்கம்மா என்ன 'அம்மா'ன்னு கூப்புடாது. 'ஏய் வாலு'ன்னுதான் கூப்புடும்" என்றாள்.

ஒரு நொடி நம்பியிருக்கிறாள், அண்ணி. அந்த ஒரு நொடியை அவளிடமிருந்து நான் எப்படி வாங்கிக்கொள்வேன்?

அதற்குள் உங்கள் பழைய வாடிக்கையாளர்கள் பலருக்கும் அதே செய்தி போயிருந்தது. கருவேப்பிலங்குறிச்சி டீச்சர் நம்பரை அனுப்பிவிட்டு, அவர் கணக்கையும் இழந்து நின்றார். உங்கள் பெயரை நம்பித்தானே அனுப்பினார்?

எனக்கு மும்தாஜ் நினைவு வந்தது. மங்கலம்பேட்டையில் மொபைல் கடை வைத்திருக்கிறாரே, உங்களிடம் வருஷா வருஷம் டீ கோப்பை வாங்குவாரே, அவர்தான். வெளிநாட்டில் இருக்கும் அவர் வீட்டுக்காரரின் கணக்கு இப்படித்தான் ஒருமுறை பறிபோயிருக்கிறது. அதை மீட்கப் போராடியதில் எல்லாம் கற்றுக்கொண்டேன் என்று முன்பு சொல்லியிருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் கடையைப் பூட்டிக்கொண்டு அவரே வந்துவிட்டார்.

லேப்டாப்பைப் பார்த்துவிட்டு, "மொதல்ல மெயில மீட்கணும். மெயிலு கைக்கு வந்துட்டா மத்ததெல்லாம் வந்துரும். ஆனா செல்வி அக்கா நம்பருக்குத்தான் ஓடிபி போவும். அந்த சிம்மு இருக்குதா?" என்றார்.

நான் தலையில் கை வைத்தேன். மாதக்கணக்கில் பேசாத நம்பர். இந்நேரம் கம்பெனிக்காரன் வேறு யாருக்காவது கொடுத்திருப்பான் என்று நினைத்தேன்.

அண்ணன் உள்ளே போய் பீரோவைத் திறந்தார். உங்கள் போனைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். சார்ஜ் முழுக்க இருந்தது.

"மாசா மாசம் ரீசார்ஜ் பண்ணிட்டுத்தான் இருக்கறேன்" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். "அவ நம்பரு வேற யாருக்கோ போயிட்டா... நான் மறந்துபோயி அடிச்சா யாராச்சும் எடுத்துடுவாங்கல்ல."

மும்தாஜ் முக்காட்டை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், "நல்ல வேல செஞ்சீங்கண்ணா" என்று மட்டும் சொன்னார்.

எண் வந்தது. மெயில் திறந்தது. திருடன் இன்னும் போன் நம்பரை மாற்றாமல் விட்டிருந்தான். வேறு எங்கெங்கே உங்கள் கணக்கு திறந்திருந்ததோ அத்தனையையும் மும்தாஜ் ஒரே அடியில் மூடினார். பிறகு மெயில் வழியாகவே நம் பக்கமும் திரும்பி வந்தது. அந்தப் பச்சைப் புள்ளி அணைந்ததை யாழினி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இனிதான் என் தப்பு வருகிறது. லேப்டாப்பில் நீங்கள் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகளை மும்தாஜ் திறந்து காட்டினார். மெயில், பொம்மைப் பக்கம், கரண்டு பில், பள்ளிக்கூட ஆப், புடவை வாங்கிய ஏதோ ஒரு வெப்சைட், எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு. நித்யா123.

ஞாபகம் இருக்கிறதா? நான் காலேஜ் முதல் வருஷம். பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் உங்களுக்கு முதல் மெயில் தொடங்கியது நான்தான். "பாஸ்வேர்டு என்னா போடறது அண்ணி?" என்று கேட்டேன். "உன் பேரையே போடுடி, அதுதான் எனக்கு மறக்காது" என்றீர்கள். சிரித்துக்கொண்டே ஒன்று இரண்டு மூன்றைச் சேர்த்துத் தட்டினேன். அதை இத்தனை வருஷம் நீங்கள் மாற்றவே இல்லை. மாற்றுங்கள் என்று நானும் சொல்லவில்லை.

"இந்த பாஸ்வேர்டு எங்கியோ ஒரு எடத்துல இருந்து திருடனுங்க கைக்குப் போயிருக்கும். அதையே எல்லா எடத்துலயும் போட்டுப் பாப்பானுங்க. ஒண்ணு தொறந்தா எல்லாந் தொறக்கும்" என்றார் மும்தாஜ்.

அன்று மாலை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினோம். ஒவ்வொரு இடத்திலும் என் பெயரை நானே அழித்தேன். நீங்கள் என்னை நினைத்து வருஷக்கணக்காகத் தட்டிய பெயர் அல்லவா அது! விரல் தயங்கியது. ஆனாலும் அழித்தேன். இப்போது ஒன்றுக்கு ஒன்று வேறு. ஒன்றோடொன்று ஒட்டாத நாலைந்து சொற்களைக் கோத்து நீளமாக வைத்திருக்கிறோம். அத்தனையையும் நினைவில் வைக்க முடியாததால், அவற்றைப் பூட்டி வைக்கிற ஒரு ஆப் போட்டுக் கொடுத்தார் மும்தாஜ். அதைத் திறக்கிற சொற்களை மட்டும் தாளில் எழுதி அண்ணன் பீரோவில் வைத்துக்கொண்டார். பாஸ்வேர்டு தெரிந்தாலும் போனுக்கு வரும் எண் இல்லாமல் இனி எவனும் நுழைய முடியாது.

மறுநாள் ஒவ்வொருவருக்கும் போன் செய்து மன்னிப்புக் கேட்டோம். டீச்சரின் கணக்கையும் மும்தாஜ் மீட்டுக் கொடுத்துவிட்டார். "செல்வி பேர்ல வந்துச்சேன்னு சந்தோஷத்துல அமுக்கிட்டேன்மா" என்றார் டீச்சர்.

பக்கத்தை மூடிவிடலாமா என்று அண்ணன் கேட்டார். யாழினிதான் வேண்டாம் என்றாள். உங்கள் படத்தை எடுக்காமல், அதன் கீழே தன் கையால் எழுதினாள்: "அம்மா இப்போது இல்லை. நான் அவர் மகள். இனி இங்கே பேசுவது நான்தான். உங்கள் போனுக்கு வரும் நம்பரை நாங்கள் கேட்கவே மாட்டோம்." அன்றைக்கே ஆறு பேர் பொம்மை கேட்டு எழுதினார்கள், அண்ணி. இப்போது சூளை நிற்காமல் எரிகிறது.

நேற்று அவளுக்கென்று தனியாக ஒரு மெயில் தொடங்கினாள். பாஸ்வேர்டு போடும்போது, "அத்த, அந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள். திரும்பிக்கொண்டேன். வெகுநேரம் தட்டிக்கொண்டே இருந்தாள். நீளமான பாஸ்வேர்டுதான் போலிருக்கிறது. நடுவில் ஒருமுறை தனக்குள் சிரித்தாள். நீங்கள் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அது என்ன சொல் என்று நான் கேட்கவில்லை. இனியும் கேட்கமாட்டேன். ஆனால் உங்கள் பெயரில் எவனும் இனி அவளைக் கூப்பிடாமல் பார்த்துக்கொள்வேன். அவள் எப்போது கூப்பிட்டாலும் நல்லூரிலிருந்து அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பேன். இது சத்தியம்.

என்றும் உங்கள் நாத்தனார்,
நித்யா