சம்பந்தி வீட்டில் அரை வயிறு

அன்புள்ள சூசை சம்பந்திக்கு,

நீங்கள் இருந்தவரை உங்களுக்கு நான் கடிதம் எழுதியதில்லை. ராயபுரத்தில் ஒரு தெரு தள்ளி இருப்பவருக்குக் கடிதம் எதற்கு? இன்று காலை உங்கள் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்தது. மதியம் உங்கள் வீட்டில் சாப்பாடு. அங்கே நடந்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சரியாகச் சொல்வேனா என்று தெரியவில்லை.

மோசமான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வலது கால் சுண்டுவிரல் கறுத்துவிட்டது. செருப்பு வார் உரசி உரசிப் புண்ணாகியிருக்கிறது. சர்க்கரை ஏறியதில் காலில் உணர்வு மங்கிப்போய், உரசியதே எனக்குத் தெரியவில்லை. விரலை வைப்பதா எடுப்பதா என்று வெள்ளிக்கிழமை டாக்டர் சொல்வார். நாம் சேர்ந்து இறக்கிய எடை முழுவதும் எனக்குத் திரும்பிவிட்டது, சம்பந்தி.

இதை நம் பங்குக் கோயிலின் மாத இதழுக்குக் கொடுக்கப்போகிறேன். ஆகையால் படிக்கிற மற்றவர்களுக்காக நம் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் ரோஸியை உங்கள் மகனுக்குக் கொடுத்தபோது நாம் இருவரும் மலை போல இருந்தோம். நான் ரயில்வே கணக்கு அலுவலகத்தில் உட்கார்ந்தே பெருத்தவன். நீங்கள் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியபடி பெருத்தவர். கல்யாண போட்டோவுக்கு நின்றபோது நீங்கள் என் கையைப் பிடித்து இழுத்தீர்கள். "வாங்க சம்பந்தி, நாம அப்பால நிப்போம். இல்லாங்காட்டி போட்டோல பொண்ணு மாப்ள எங்க கீறாங்கன்னு தேடணும்."

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். சம்பந்தி வீட்டில் இலைக்கு மேல் கையை நீட்டி மறித்தால், பெண் கொடுத்தவருக்கு அங்கே ஏதோ மனக்குறை என்று அர்த்தம் செய்துகொள்வார்கள். ரோஸிக்கு ஒரு சொல் வந்துவிடக்கூடாது என்ற பயத்தில் ஞாயிறுதோறும் உங்கள் வீட்டில் வைத்ததையெல்லாம் சாப்பிட்டேன். என் வீட்டில் நீங்களும் அப்படித்தான். இருவருக்கும் சர்க்கரை என்று தெரிந்த பிறகு, கோயில் வாசலில் என் காதோரம் வந்து சொன்னீர்கள். "உங்க வூட்ல எனக்கு பாதி வையுங்கோ. எங்க வூட்ல உங்களுக்கு பாதி. பொம்பளைங்களுக்கு தெரிய வேணாம்." சம்பந்திக்குச் சம்பந்தியே பரிமாறுவதுதான் மரியாதை என்று சொல்லி, அன்றிலிருந்து கரண்டியை நாமே வாங்கிக்கொண்டோம்.

இளைத்ததுகூடச் சுலபம் என்று இப்போது தோன்றுகிறது. இளைக்கும்போது ஊரே பார்த்துப் பாராட்டியது. சட்டை தொளதொளத்தது. அதற்குப் பிறகு வந்த வருடங்களில் பாராட்ட ஒருவரும் இல்லை. பசி மட்டும் இருந்தது. பழைய உருவத்தை உடம்பு மறக்கவே இல்லை. தவக்காலத்தில் நம் ஆட்கள் இளைப்பதையும் ஈஸ்டருக்குப் பின் ஊதுவதையும் காட்டிச் சிரிப்பீர்கள். "நாப்பது நாளு எவன் வேணா இருப்பான் சம்பந்தி. நாப்பத்தோராவது நாளுதான் பேஜாரு."

நமக்கு அந்த நாற்பத்தோராவது நாள் வருடக்கணக்கில் நீண்டது. ஞாயிறு பூசை முடிந்ததும் தண்டையார்பேட்டை பழைய இரும்புக் கடையின் எடை மேடையில் ஏறி நிற்போம். வீட்டில் மெஷின் வாங்கினால் கேள்வி வரும் என்பது உங்கள் யோசனை. கடைக்காரர் பாய், "பெரியவரே, உங்கள இரும்புன்னு எழுதவா, பித்தளைன்னு எழுதவா?" என்பார். "தகரம்னு போடு பாய், அப்போதான் எவனும் வாங்கமாட்டான்" என்பீர்கள். கொஞ்சம் ஏறியிருந்தால் அந்த வாரம் கடற்கரைச் சாலையில் இன்னும் சிறிது தூரம் நடப்போம். ஒரு கல்யாண வீட்டில் தவறினால் அடுத்த வேளையே பழைய அளவுக்கு வந்துவிடுவோம். ஒரு நாள் தவறு ஒரு வாரமாகிவிடக்கூடாது என்பதில் நீங்கள் கறாராக இருந்தீர்கள். பாரிமுனையில் பர்மா நூடுல்ஸ் விற்கும் அத்தோ கடையைத் தாண்டும்போது மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடப்பீர்கள்.

பிறகு உங்கள் எடை தானாக இறங்க ஆரம்பித்தது.

நடையைக் கூட்டவில்லை, சோற்றைக் குறைக்கவில்லை, ஆனாலும் இறங்கியது. எப்படி என்று கேட்டேன். "தெர்ல சம்பந்தி. பசியே எடுக்க மாட்டேங்குது. ஒடம்பு பழகிகிச்சி போல" என்றீர்கள். இத்தனை வருடம் நாம் எதிர்த்து நின்ற பசி உங்களை விட்டுப் போய்விட்டது. நமக்கு அதைவிடப் பெரிய வரம் ஏது? பாய் கைகொடுத்தார். நான் பொறாமைப்பட்டேன். இருவரில் ஒருவருக்காவது பயம் வந்திருக்க வேண்டாமா? எடை குறைந்தால் பயப்பட வேண்டும் என்பதை நாமிருவரும் மறந்தே போயிருந்தோம். இளைப்பதையே விரும்பிப் பழகிய இரண்டு கிழவர்களால்தான் அப்படி மறக்க முடியும். நாம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது, உங்கள் வயிற்றில் வந்த புற்றுநோய்க் கட்டி வயிற்றையும் தாண்டிப் பரவியிருந்தது.

அடக்கத்தன்று சம்பந்தியம்மா உங்கள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதது இன்னும் கேட்கிறது. "கொறச்சி கொறச்சியே ஒண்ணுமில்லாம பூட்டியே." தெருவும் அதையே திருப்பிச் சொன்னது. பட்டினி கிடந்தே போய்விட்டார் என்றார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். அடுத்தது யார் என்று பார்ப்பதுபோல எனக்குப் பட்டது. நான் படித்தவன். நடந்ததாலும் சோற்றைக் குறைத்ததாலும் கட்டி வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்தது தைரியமாக மாற வேண்டுமே. ரோஸி அனுப்பிய சாப்பாட்டு கேரியரைத் துடைத்துச் சாப்பிட ஆரம்பித்தேன். கன்னம் உப்பியதும் எல்லோருக்கும் நிம்மதி. கடற்கரைச் சாலைக்கு நான் போகவில்லை. எடை மேடையிலும் ஏறவில்லை. அங்கே தனியாக நிற்க எனக்குப் பயமாக இருந்தது.

இன்று மதியம் பிரியாணி. உங்கள் தம்பி இன்னாசி எனக்கு இரண்டாம் முறையும் வைத்தார். சம்பந்தியம்மா தயிர்ப் பச்சடியோடு வந்தவர், என் காலைப் பார்த்து நின்றுவிட்டார்.

"காலுக்கு இன்னா ஆச்சி அண்ணே?"

"ஒன்றுமில்லை சம்பந்தியம்மா. சின்னப் புண்."

"சின்ன புண்ணுக்கு இம்மாம் துணியா? ரோஸி, உங்கப்பா கால பாத்தியா நீ?"

"செருப்பு கடிச்சிதுன்னு சொன்னாரு அத்தே."

இன்னாசி குறுக்கே வந்தார். "வுடு அண்ணி. இப்பதான் மனுசன் தேறி வந்துகினு கீறாரு. இன்னொரு பீஸ் வையி."

"இவரு தேறிகினாரா? ஊரையே மேல அனுப்ப நீ ஒருத்தன் போதும்டா." பிறகு என் பக்கம் குனிந்தார். "சக்கர ஏறிகிச்சா?"

தலையாட்டினேன்.

"தெரிஞ்சும் இன்னாத்துக்கு இப்டி துன்றீங்க?"

பந்தி முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. பொய் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அடக்கத்தன்று அவர் அழுத வார்த்தைகள்தான் வந்தன. அப்படியே திருப்பிச் சொன்னேன்.

சம்பந்தியம்மா பச்சடிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "பொணத்த வெச்சிகினு அழுதவ வாயில ஆயிரம் வரும். அத்தயா ஒரு வருசமா மனசுல வெச்சிகினு கீறீங்க? படிச்சவருதான நீங்க? அவரு கட்டி வந்து பூட்டாரு. டாக்டரு எங்கிட்டதான் சொன்னாரு." என் இலையிலிருந்து பாதிச் சோற்றை அவரே வழித்து எடுத்தார். "நீங்க ரெண்டு பேரும் கரண்டிய மாத்தி மாத்தி புடிச்சிகினு ஆடுன கூத்து எனக்கு தெரியாதுன்னு நெனச்சீங்களா? தெனம் அரிசி போட்றவ நானு. மீந்த சோறு எனக்கு சொல்லாதா?"

இன்னாசி சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெரிந்தும் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று நினைத்தேன். என்னிடமும் இந்த ஒரு வருடம் முழுக்க ஒருவரும் கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குள் விரல் கறுத்துவிட்டது.

இந்த வயதில் இன்னொரு தடவை எடையை இறக்க முடியுமா, சம்பந்தி? இறக்கினாலும் சாகும்வரை அதைப் பிடித்து வைக்க வேண்டுமே, அது எத்தனை காலமோ? தோளைப் பிடித்து இழுக்க நீங்களும் இல்லை. முடியும் என்று உங்களிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை.

என்னால் கொடுக்க முடிந்த வாக்கு சிறியது. வெள்ளிக்கிழமை சம்பந்தியம்மா என்னோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறார். விரல் போகட்டும், இருக்கட்டும், அன்று இரவிலிருந்து யார் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும், சம்பந்தி வீடே ஆனாலும், போதும் என்றால் வாய்விட்டுப் போதும் என்பேன். எடை ஏறினால் ரோஸியிடம் மறைக்கமாட்டேன். காரணம் தெரியாமல் இறங்கினால் அதைக் கண்டு சந்தோஷப்படாமல் அன்றைக்கே டாக்டரிடம் போவேன். உங்களுக்காக நாம் செய்யத் தவறியதை எனக்காகவாவது செய்துகொள்வேன்.

உங்கள் பேரப்பிள்ளைகளின் மற்றொரு தாத்தா,
உங்கள் சம்பந்தி
ஆரோக்கியசாமி