சிவப்புக்குக் காரணம்

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் பட்டாசு ஆலையில், மருந்து செலுத்தும் அறையில் கம்பெனி மாட்டிய பெட்டி இன்றும் நாலு முறை சிவப்பு காட்டியது. சூடு, காற்றின் ஈரம், உள்ளே எத்தனை ஆட்கள் என்று எல்லாவற்றையும் அது கவனிக்கிறதாம். சிவந்தால் போட்டது போட்டபடி வெளியே வந்துவிட வேண்டும். எதற்குச் சிவக்கிறது என்று மட்டும் சொல்லாது. ஆபீஸில் என் கம்ப்யூட்டரிலும் வெறும் சிவப்புதான்.

என் வீட்டுக்காரர் முனியராஜுக்கு அந்த அறையில்தான் வேலை. "அதுவும் ஒன்னைய மாதிரிதாம் புள்ள. கோவம் வருது, எதுக்குன்னு சொல்லமாட்டேங்குது" என்கிறார். சிரித்துத் தொலைத்தேன்.

மார்ச் 7

பெட்டியின் சிவப்பு விளக்கைச் சாக்குப் போட்டு மூடியிருக்கிறார்கள். மூடியது இவரேதான். சும்மா சும்மா வெளியே ஓடினால் லோடு எப்போது முடியும் என்கிறார். கத்திவிட்டேன். உங்களுக்கு ஒண்ணு ஆனா நான் என்னங்க செய்வேன்?

மார்ச் 8

இவருடைய சாப்பாட்டுத் தூக்கில் முட்டை வைத்தேன். கோபம் வேறு, முட்டை வேறு.

மார்ச் 10

பெட்டியைப் பார்க்க வரும் கதிரவன் தம்பியிடம் கெஞ்சினேன்: அது என்ன நினைத்துச் சிவக்கிறதோ, அதைத் தமிழில் எழுதிக் காட்டட்டும். எல்லாம் முதலாளிக்குப் போகிற ரிப்போர்ட்டில் இருக்கிறது அக்கா என்றார். ரிப்போர்ட்டா உள்ளே உட்கார்ந்து மருந்து செலுத்துகிறது?

மார்ச் 17

பெட்டிக்குக் கீழே சின்னத் திரை வந்துவிட்டது; அதில் வருவது என் கம்ப்யூட்டரிலும் வரும். முதல் எழுத்தே, 'ஐந்து பேர் இருக்கிறார்கள்.'

நாலு பேருக்குத்தான் அனுமதி. இருந்ததும் நாலு பேர்தான். எல்லோருமாக ஐந்தாவது ஆளைத் தேடினோம். கடைசியில் பார்த்தால், கதவோரம் ஆணியில் இவருடைய பாலியஸ்டர் சட்டை! உள்ளே பருத்திதான் உடுத்தலாம் என்பதால் தினமும் கழற்றி அங்கேதான் மாட்டுவார். பொங்கலுக்கு நான் எடுத்துக் கொடுத்தது. அதையும் ஓர் ஆளாக எண்ணியிருக்கிறது. கூட வேலை பார்க்கும் குருவம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். சாக்கை இவரே கழற்றி எறிந்தார்.

மார்ச் 18

சட்டையை வெளியே மாட்டினார். ஒரு சிவப்பும் இல்லை.

ஏப்ரல் 9

பதினோரு மணிக்கு என் கம்ப்யூட்டரில் சிவப்பு. 'மருந்து சூடாகிறது.' செருப்புகூடப் போடாமல் ஓடினேன். உள்ளேயே இருப்பாகளோ, கைவேலைய முடிச்சிட்டு வாறேன்னு உக்காந்திருப்பாகளோ —

பாதி வழியில் எதிரே ஓடி வந்தார்கள். குருவம்மாள், அவளுக்குப் பின்னால் இரண்டு பேர், கடைசியாக இவர். என்னையும் இழுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டியபோது அறை வெடித்தது. அறை மட்டும்தான்.

காது அடைத்துவிட்டது. அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். காதருகே குனிந்து சொன்னார்:

"வாசிச்சேன் புள்ள. வந்துட்டேன்."