கைகட்டிக் கேட்கும் இசையன்று

5-11-96, செவ்வாய்
மூடுபனி. சலவையகத்தில் எட்டு மணி நேர வேலை. பின்னர் ஊஸ்டர் நகரத் தேவாலய மண்டபத்தில் ஒத்திகை. ஞாயிறு என் கச்சேரி: நாற்பது நிமிடம். இடையில் உணவுக் கடை இல்லை, சேலைக் காட்சி இல்லை. வாதாடிப் பெற்றது.

ஒத்திகைக்கு வந்த நம்மவர் ஐவர் தொடையில் தாளமிட்டனர். அமைப்பாளர் திருமதி ஹூபர் மெல்லிய குரலில்: "ஞாயிறன்று அந்தத் தட்டல் வேண்டாம். இது செவ்வியல் இசை கேட்கும் இடம்."

நான் பாடியது வேறென்னவாம்?

"அது இடையூறு அன்று, நாங்கள் செவிமடுக்கும் முறை" என்று ஜெர்மனில் விளக்கினேன். (அகராதியின் துணையால் நானே கற்ற ஜெர்மன். பிழை இருந்திராது.) புன்னகைத்தார். இணங்கவில்லை.

7-11, வியாழன்
மழை. எடுத்துச் செல்ல: சுருதிப் பெட்டி, விரிப்பு, வெந்நீர்ப் போத்தல்.

என் கணவர் வீடு வீடாகத் தொலைபேசியில்: "ஞாயிறு எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு இருங்கோ. மானத்தை வாங்கிப் போடாதேங்கோ."

"ஏனப்பா இப்பிடிச் சொல்லுறியள்?"

"இஞ்ச பாரும், அவையள் தந்த மேடை. சண்டைக்குக் கொழுவாதையும். நீரும் கசெற் கேட்டுப் படிச்ச ஆள்தானே."

ஆம். பின்னோட்டிப் பின்னோட்டிப் பன்னிரண்டு ஆண்டுகள். எவரும் தந்ததன்று, ஆகவே எவரும் திருப்பிக் கேட்க இயலாது.

மிருதங்கம் தயா அண்ணையிடம் சொன்னேன். லுசேர்ண் ஹோட்டலில் பாத்திரம் கழுவுபவர். "சனம் கையைக் கட்டினா நான் ஆருக்கு வாசிக்கிறது, தங்கச்சி? சட்டி பானையளுக்கு வாசிக்கலாம், அதுகளாவது சத்தம் போடும்!"

10-11, ஞாயிறு
கடுங்குளிர். மண்டபம் நிறைந்தது. நம்மவர் மூன்று வரிசை, அனைவரும் கைகட்டி, பள்ளிக்கூடத்துப் புகைப்படம் போல.

முதற் பாடல் முடிந்ததும் ஒலிவாங்கியை அருகிழுத்தேன். ஜெர்மனில்: "எங்கள் மக்கள் தாளத்தை எண்ணிக்கொண்டே கேட்பவர்கள். அவர்களுடைய கைகள் அவிழும்வரை அடுத்த பாடல் இல்லை." பிறகு தமிழில்: "கையை எடுங்கோ."

ஒருவரும் அசையவில்லை. திருமதி ஹூபர் எழுந்து நின்றார். நான் பாடவுமில்லை, எழவுமில்லை.

முன்வரிசையில் என் கணவர். முகம் சிவந்து, கைகளை அவிழ்த்தார். தொடையில் ஓங்கி ஓர் அடி. விரல்களை எண்ணினார். ஒரு விரல் கூடுதலாக. தாளத்தின் எட்டு எண்ணிக்கை ஒன்பதாயிற்று. மறுசுற்றும் ஒன்பது. நிறுத்தவில்லை.

பின்னால் ஒருவர் சேர்ந்தார். பிறகு அந்த வரிசை முழுவதும், அதே பிழையுடன்.

தயா அண்ணை குனிந்து: "தங்கச்சி, ஒன்பதோ?"

"ஓம். ஒன்பது."

சுரம் பாடத் தொடங்கினேன்.